பழைய எம்.எஸ். ஆபீஸை வைத்துக்கொள்வதா, மாற்றுவதா? அறிகுறியைப் பார்த்து முடிவெடுக்கும் வழிமுறை

எம்.எஸ். ஆபீஸ் 2007, 2010, 2013, 2016 ஆகிய பதிப்புகள் கடைகளிலும் டியூஷன் சென்டர்களிலும் ஆடிட்டர் அலுவலகங்களிலும் இன்றும் அன்றாடம் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் ஏதேனும் ஒரு கோளாறு தலைகாட்டியவுடன், "வெர்ஷன் பழசு, புதுசு போட்டால் சரியாகிவிடும்" என்ற பதில்தான் முதலில் கிடைக்கிறது. இத்தகைய கணினிகளைத் தொடர்ந்து சரிசெய்து வருபவன் என்ற முறையில் அந்தப் பதிலை நான் ஏற்பதில்லை. வரும் கோளாறுகளில் பல கோப்பிலோ கணினியிலோ இருக்கின்றன. புதிய உரிமம் வாங்கினாலும் அவை அப்படியே தொடரும். பதிப்பின் வயதால் வரும் கோளாறுகள் சிலவே. ஆனால் அந்தச் சிலவற்றை ஒட்டுப்போட்டு ஓட்டக் கூடாது.

தொடங்குமுன் இரண்டு வேலைகளை முடித்துக்கொள்ளுங்கள். முதலாவது, கோப்புகள் அனைத்தையும் ஒரு பென்டிரைவிலோ வெளி ஹார்டுடிஸ்கிலோ நகலெடுத்து, அதைக் கணினியிலிருந்து கழற்றி வைப்பது. இரண்டாவது, எந்தப் பதிப்பு என்று உறுதிசெய்துகொள்வது. 2007-இல் இடது மூலையில் உள்ள வட்டப் பொத்தானை அழுத்தி, ஆப்ஷன்ஸ் பகுதிக்குள் ரிசோர்சஸ் என்ற இடத்தில் பாருங்கள். 2010-இல் ஃபைல் மெனுவின் ஹெல்ப் பகுதியிலும், 2013, 2016 பதிப்புகளில் ஃபைல் மெனுவின் அக்கவுன்ட் பகுதியிலும் பதிப்பு எண் இருக்கும். 2007-க்கான மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2017 அக்டோபர் 10 அன்றும், 2010-க்கு 2020 அக்டோபர் 13 அன்றும், 2013-க்கு 2023 ஏப்ரல் 11 அன்றும், 2016-க்கு 2025 அக்டோபர் 14 அன்றும் முடிந்துவிட்டன. ஆதரவு முடிந்ததால் மென்பொருள் நின்றுவிடாது. பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதுதான் நின்றுபோகும். அதன் விளைவு என்ன என்பதைக் கடைசி அறிகுறியில் விரிவாகச் சொல்கிறேன்.

## அறிகுறி 1: வெளியிலிருந்து வந்த கோப்பு திறக்க மறுக்கிறது

மின்னஞ்சலில் வந்த கோப்பு "பழுதாகியுள்ளது, திறக்க முடியாது" என்கிறது. பெரும்பாலும் கோப்பில் பழுது எதுவும் இருக்காது. இணையத்திலிருந்து வந்த கோப்பு என்று விண்டோஸ் அதற்கு ஓர் அடையாளம் இட்டுவைக்க, 2010 பதிப்பின் பாதுகாப்புப் பார்வை அதைத் திறக்கத் திணறுகிறது. அனுப்பியவர் உங்களுக்குத் தெரிந்தவர், இன்ன கோப்பு வரும் என்று எதிர்பார்த்திருந்தீர்கள் என்றால் மட்டும், அதை டெஸ்க்டாப்பில் சேமித்து, ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ் பகுதியில் உள்ள அன்பிளாக் பொத்தானை அழுத்தித் திறந்து பாருங்கள்.

கோப்பின் வடிவமும் பெயரும் பொருந்தவில்லை என்ற எச்சரிக்கை வருகிறது. இணையதளங்களில் இருந்து இறக்கும் கணக்கு அறிக்கைகளில் இது சகஜம். உள்ளே இருப்பது வெறும் இணையப் பக்க அட்டவணையாக இருக்கும். பெயர் மட்டும் எக்செல் கோப்பு போல முடியும். எச்சரிக்கைப் பெட்டியில் எஸ் (ஆம்) என்று அழுத்தித் திறந்து, சேவ் ஆஸ் மூலம் முறையான எக்செல் கோப்பாகச் சேமித்துக்கொண்டால் போதும்.

மேற்சொன்ன இரண்டும் இல்லை. எக்செலின் ஓப்பன் உரையாடல் பெட்டியில் ஓப்பன் பொத்தானுக்கு அருகிலுள்ள சிறு அம்புக்குறியை அழுத்தி, ஓப்பன் அண்ட் ரிப்பேர் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால், இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸில் திறந்து பாருங்கள். எக்செல் கைவிட்ட கோப்பை அது திறந்து தந்த நேரங்கள் உண்டு. இரண்டிலும் திறக்காத கோப்புக்கு வேறு நகலும் இல்லை, அதில் உள்ள கணக்கு முக்கியமானது என்றால், மேற்கொண்டு எதையும் முயலாமல் தரவு மீட்பு செய்பவரிடம் கொடுங்கள். அந்த ஹார்டுடிஸ்கில் புதிதாக எதையும் எழுத வேண்டாம்.

இந்த அறிகுறிக்காக ஆபீஸை மாற்றத் தேவையில்லை.

## அறிகுறி 2: கோப்பு திறக்கிறது, கணக்கு தப்பாக வருகிறது

இது முதல் அறிகுறியைவிட ஆபத்தானது. திறக்காத கோப்பு தன் கோளாறைத் தானே சொல்லிவிடும். தப்பான கூட்டுத்தொகை சொல்லாது.

ஃபார்முலாவின் முன்னால் "_எக்ஸ்எல்எஃப்என்." என்ற ஒட்டு தெரிகிறது. அனுப்பியவர் புதிய எக்செலில் வேலை செய்கிறார். உங்கள் பதிப்பு அறியாத ஒரு ஃபார்முலாவைப் பயன்படுத்தியிருக்கிறார். டெக்ஸ்ட்ஜாயின், இஃப்ஸ், மேக்ஸ்இஃப்ஸ் ஆகியவை 2019 பதிப்பில் வந்தவை. எக்ஸ்லுக்கப், ஃபில்டர் ஆகியவை 2021-இலும் அதற்குப் பின் வந்த பதிப்புகளிலும் சந்தா பதிப்பிலும்தான் உள்ளன. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோப்பைத் திறந்தவுடன் அந்தக் கட்டத்தில் சரியான எண்தான் தெரியும், ஏனென்றால் அனுப்பியவரின் கணினி கடைசியாகக் கணக்கிட்ட விடையை எக்செல் அப்படியே காட்டுகிறது. நீங்கள் அந்தக் கட்டத்தில் எஃப்2 அழுத்தி என்டர் தட்டினால் போதும், எண் மறைந்து "#நேம்?" என்ற பிழை வந்து உட்கார்ந்துவிடும், அதை நம்பியிருக்கும் மற்ற கட்டங்களிலும் பிழை பரவும். ஆகவே அந்தக் கட்டங்களைத் தொடாதீர்கள். அசல் கோப்பின் மீது சேமிக்காதீர்கள்.

சரிசெய்வதற்கான வழிகளில் எளியது, ஃபார்முலாக்களை நீக்கி மதிப்புகளை மட்டும் ஒட்டிய நகல் ஒன்றை அனுப்பியவரிடம் கேட்பது. அடுத்தது, எக்ஸ்லுக்கப் இருக்குமிடத்தில் இன்டெக்ஸ், மேட்ச் இரண்டையும் சேர்த்து எழுதிக்கொள்வது. இவை பழைய பதிப்புகள் எல்லாவற்றிலும் வேலை செய்யும். எப்போதாவது ஒருமுறை வரும் கோப்பு என்றால் இந்த இரண்டிலேயே காலம் தள்ளலாம். ஆனால் உங்கள் ஆடிட்டரோ தலைமை அலுவலகமோ மாதந்தோறும் இப்படிப்பட்ட கோப்பை அனுப்பி, நீங்கள் அதை நிரப்பித் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தால், 2007, 2010, 2013, 2016 நான்குமே உங்களுக்குப் போதாது. பதிப்பை மாற்றுவதற்கு இது நியாயமான காரணம்.

கீழ்ப்பகுதி வரிசைகள் காணவில்லை. தலைப்புப் பட்டையில் கம்பாட்டிபிலிட்டி மோட் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், நீங்கள் வேலை செய்வது 2003 காலத்து எக்ஸ்எல்எஸ் வடிவக் கோப்பில். அதில் 65,536 வரிசைகளுக்கு மேல் இடமில்லை. 2007-இல் வந்த எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வடிவத்தில் 10,48,576 வரிசைகள் உண்டு. 2020 அக்டோபரில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பில் 15,841 கொரோனா தொற்றாளர்களின் விவரம் அன்றாடக் கணக்கில் சேராமல் விடுபட்டதற்கு, பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தின் இந்த வரம்புதான் காரணம் என்று தெரியவந்தது. ஒரு நாட்டின் நோய்க் கணக்கிலேயே ஆயிரக்கணக்கான பெயர்கள் விடுபட முடியும் என்றால், நம் சரக்கிருப்புப் பட்டியலில் எத்தனை வரிகள் விடுபடும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். சேவ் ஆஸ் மூலம் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வடிவத்தில் சேமித்து, மூடி, மீண்டும் திறந்தால் இட நெருக்கடி தீரும். மேக்ரோ (வேலைகளைத் தானாகச் செய்யும் சிறு நிரல்) உள்ள கோப்பு என்றால் எக்ஸ்எல்எஸ்எம் வடிவத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஏற்கெனவே வெட்டுப்பட்டுப்போன வரிசைகள் இதனால் திரும்பி வரமாட்டா. அவற்றை மூலத்திலிருந்து மீண்டும் எடுக்க வேண்டும். இதை 2007 பதிப்பிலேயே செய்துவிடலாம்.

## அறிகுறி 3: தமிழ் எழுத்து சிதைந்து தெரிகிறது

தமிழில் வேலை செய்பவர்கள் அடிக்கடி கேட்பதும், காரணமில்லாமல் பழைய ஆபீஸின் மேல் பழி விழுவதும் இந்த அறிகுறியில்தான்.

தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து தெரிகின்றன. பாமினி, வானவில் போன்ற பழைய குறியாக்க எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்ட கோப்பு இது. அந்த எழுத்துருவை நிறுவினால் உடனே தமிழ் தெரியும். புது ஆபீஸ் வாங்கினாலும் எழுத்துரு இல்லாவிட்டால் இதே குப்பைதான் தெரியும். ஆனால் எழுத்துருவை நிறுவிக்கொண்டு அப்படியே தொடர்வதை நான் பரிந்துரைப்பதில்லை. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியாக்கமான யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010-இலேயே தரமாக ஏற்றுக்கொண்டது. பழைய குறியாக்கத்தில் உள்ள உரையைத் தேடவோ, அகரவரிசைப்படுத்தவோ, கைப்பேசியில் படிக்கவோ முடியாது. என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற மாற்றி ஒன்றைக் கொண்டு யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். மாற்றும்போது ஒரே பத்தியில் ஆங்கிலச் சொற்களும் கலந்திருந்தால், அந்தக் கருவி அவற்றையும் தமிழ் என்று எண்ணி மாற்றிவிடும், ஜி.எஸ்.டி. எண், மின்னஞ்சல் முகவரி போன்றவை இப்படித்தான் உருக்குலைகின்றன. அந்தப் பகுதிகளைத் தனியே எடுத்துவைத்துவிட்டு மாற்றுவது நல்லது.

சி.எஸ்.வி. கோப்பை (காற்புள்ளியால் பிரித்த வெற்று உரைப் பட்டியல்) திறந்தால் தமிழ்ப் பெயர்கள் விநோதக் குறிகளாகத் தெரிகின்றன. இரட்டைக் கிளிக் செய்து திறக்காதீர்கள். வெற்று எக்செல் தாளில் டேட்டா மெனுவின் ஃப்ரம் டெக்ஸ்ட் வழியாக உள்ளே எடுத்து, ஃபைல் ஒரிஜின் என்ற இடத்தில் 65001 யூனிகோடு யூடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுங்கள். தமிழ் சரியாக வந்துவிடும்.

சி.எஸ்.வி. ஆகச் சேமித்துத் திறந்தால் வெறும் கேள்விக்குறிகள். இது பதிப்பின் வயதால் வரும் கோளாறுதான். 2007, 2010, 2013 பதிப்புகளில் சி.எஸ்.வி. என்று சேமித்தால் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் கேள்விக்குறியாக மாறி, அந்தக் கோப்பிலிருந்து நிரந்தரமாக அழிந்துவிடும். எந்த மென்பொருளாலும் அதை மீட்க முடியாது. மாணவர் பெயர்ப் பட்டியலை இப்படிச் சேமித்து, அசல் எக்செல் கோப்பையும் அழித்துவிட்டால், பெயர்களை மறுபடியும் கையால்தான் அடிக்க வேண்டும். இதற்குப் பதிலாக யூனிகோடு டெக்ஸ்ட் என்ற வடிவத்தில் சேமியுங்கள். அல்லது அந்தக் கோப்பை லிப்ரே ஆபீஸில் திறந்து யூடிஎஃப்-8 சி.எஸ்.வி. ஆகச் சேமியுங்கள். அரசு இணையதளங்களில் தமிழ்ப் பட்டியல்களை அடிக்கடி ஏற்றுபவர்களுக்கு லிப்ரே ஆபீஸே போதும்.

## அறிகுறி 4: அவுட்லுக் திரும்பத் திரும்ப பாஸ்வேர்டு கேட்கிறது

கணினியின் தேதி சரியா? பழைய மதர்போர்டில் பேட்டரி தீர்ந்துபோனால் ஒவ்வொரு முறை இயக்கும்போதும் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். அஞ்சல் சேவையகத்துடன் பாதுகாப்பான இணைப்பு ஏற்படாது. சிறிய பட்டன் பேட்டரி ஒன்றை மாற்றினால் தீரும் கோளாறு இது, எனவே இதை முதலில் பாருங்கள்.

ஜிமெயில் கணக்கா? வெறும் பாஸ்வேர்டை மட்டும் கொண்டு நுழையும் பழைய மென்பொருள்களைத் தனிநபர் கணக்குகளில் அனுமதிப்பதை கூகுள் 2022 மே 30 முதல் நிறுத்திக்கொண்டது. கணக்கில் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, ஆப் பாஸ்வேர்டு என்ற 16 எழுத்துக் கடவுச்சொல்லை உருவாக்கி, அதை அவுட்லுக்கில் கொடுத்துப் பார்க்கலாம்.

ஹாட்மெயில் அல்லது அவுட்லுக் டாட் காம் கணக்கா? அங்கும் 2024 செப்டம்பர் 16-க்குப் பின் பழைய முறை இல்லை; 2007, 2010 பதிப்புகளுக்குப் புதிய முறை தெரியாது. இதற்குச் சுற்றுவழி எதுவும் கிடையாது.

மின்னஞ்சலைப் பொறுத்தவரை என் முடிவு உறுதியானது: அவுட்லுக் 2007, 2010 இரண்டையும் விட்டுவிடுங்கள். எக்செலையும் வேர்டையும் வைத்துக்கொண்டு மின்னஞ்சலை மட்டும் பிரவுசரிலோ, இலவசமான தண்டர்பேர்டிலோ பார்ப்பதில் தவறில்லை. ஆனால் அவுட்லுக்கை நீக்குமுன், பல ஆண்டு அஞ்சல்கள் பிஎஸ்டி என்ற ஒற்றைக் கோப்பில் இந்தக் கணினியில் மட்டுமே இருக்கக்கூடும் என்பதை மறக்கக் கூடாது. பாப் முறையில், அதாவது அஞ்சலைச் சேவையகத்திலிருந்து கணினிக்கு இறக்கிக்கொள்ளும் முறையில், அஞ்சல் எடுத்தவர்களுக்கு இது பெரும்பாலும் பொருந்தும். அக்கவுன்ட் செட்டிங்ஸில் டேட்டா ஃபைல்ஸ் என்ற பகுதி அந்தக் கோப்பு இருக்கும் இடத்தைக் காட்டும். அவுட்லுக்கை மூடிவிட்டு அதை நகலெடுங்கள். 2007-இல் இந்தக் கோப்பின் இயல்பான வரம்பு 20 ஜிபி, 2010 முதல் 50 ஜிபி. கோப்பு வரம்பை நெருங்கியிருந்தாலோ, ஆபீஸுடன் வரும் ஸ்கேன்பிஎஸ்டி கருவியை நகலின் மேல் ஓட்டிப் பார்த்தும் பிழை நீங்காவிட்டாலோ, தொழில்முறையில் செய்பவரை அழையுங்கள். அஞ்சல் போனால் வாடிக்கையாளரோடு நடந்த பேச்சு முழுவதும் போய்விடும். இதில் துணிந்து பரிசோதனை செய்ய வேண்டாம்.

## அறிகுறி 5: எக்செல் மெதுவாகத் திறக்கிறது, உறைந்து நிற்கிறது

எல்லாக் கோப்புகளிலும் இப்படியா? கன்ட்ரோல் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு எக்செலைத் திறந்தால் சேஃப் மோடில் திறக்கவா என்று கேட்கும். அதில் வேகமாக இருந்தால், யாரோ எப்போதோ சேர்த்த ஆட்-இன் (கூடுதல் வசதி நிரல்) ஒன்றுதான் காரணம். ஆப்ஷன்ஸ் பகுதியில் ஒவ்வொன்றாக நீக்கிப் பாருங்கள். அடுத்து, டீஃபால்ட் பிரின்டரைப் பாருங்கள். அது அணைக்கப்பட்ட நெட்வொர்க் பிரின்டராக இருந்தால், பக்க அளவை அறிய எக்செல் அதன் பதிலுக்காகக் காத்துக் கிடக்கும். பி.டி.எஃப். பிரின்டரை டீஃபால்ட்டாக்கியதும் வேகம் திரும்பிய கணினிகள் பல. இவை எதுவும் இல்லையென்றால் கணினியின் பலம்தான் குறைவு: பழைய ஹார்டுடிஸ்க்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. பொருத்துவது, புது ஆபீஸ் வாங்குவதைவிடப் பெரும்பாலும் மலிவு, பலனும் அதிகம்.

ஒரே ஒரு கோப்பில் மட்டுமா? கன்ட்ரோல், எண்ட் விசைகளைச் சேர்த்து அழுத்துங்கள். உங்கள் கணக்கு 400-ஆவது வரிசையில் முடிந்திருக்க, சுட்டி 60,000-ஆவது வரிசைக்குத் தாவினால், வெறும் வடிவமைப்பு மட்டும் கீழ்வரை பரவிக் கிடக்கிறது என்று பொருள். உபரி வரிசைகளைத் தேர்ந்தெடுத்து டிலீட் செய்து சேமியுங்கள். இணையப் பக்கத்திலிருந்து ஒட்டிய அட்டவணையோடு கண்ணுக்குத் தெரியாத நூற்றுக்கணக்கான சிறு பொருள்களும் வந்திருக்கக்கூடும். எஃப்5 அழுத்தி, ஸ்பெஷல் பொத்தானுக்குள் ஆப்ஜெக்ட்ஸ் என்று தேர்ந்தெடுத்தால் அவை அனைத்தும் ஒன்றாகப் பிடிபடும். லோகோ, பொத்தான் போன்ற தேவையானவையும் அதில் சிக்கும் என்பதால் நகலில் மட்டும் செய்து பாருங்கள்.

## அறிகுறி 6: தலைப்புப் பட்டை சிவப்பாகி, உரிமம் இல்லை என்கிறது

ஹார்டுடிஸ்க் அல்லது மதர்போர்டு மாற்றிய பிறகு 2010-இல் இது வருகிறது. 25 எழுத்து உரிம எண் உங்களிடம் இருந்தால் மறுபடியும் செயலாக்கிப் பாருங்கள். இணையவழி மறுத்தால் மைக்ரோசாஃப்டின் உதவியை நாடுங்கள். கணினியோடு சேர்ந்து வந்த உரிமம் அந்தக் கணினிக்கே உரியது. புதியதற்கு மாற்ற முடியாது. உரிம எண்ணே இல்லை, யாரோ "கிராக்" செய்து போட்டுத் தந்தது என்றால், அதை மீண்டும் உயிர்ப்பிக்க முயலாமல் லிப்ரே ஆபீஸுக்கு மாறுங்கள். செயலாக்கத்தை ஏமாற்றும் அந்தச் சிறு நிரல்களுக்கு வழிவிட ஆன்டிவைரஸை அணைக்க வேண்டியிருக்கிறது என்பதே போதுமான எச்சரிக்கை.

## அறிகுறி 7: எந்தக் கோளாறும் இல்லை

உண்மையில் முடிவெடுக்க வேண்டிய இடம் இதுதான். எல்லாம் நன்றாக ஓடுகிறது. ஆகவே யாரும் கேட்பதில்லை.

ஆபீஸில் கணிதச் சமன்பாடுகளை எழுத ஈக்வேஷன் எடிட்டர் என்ற சிறு நிரல் ஒன்று இருந்தது. 2000-ஆம் ஆண்டில் தொகுக்கப்பட்ட அந்த நிரல் பதிப்புக்குப் பதிப்பு அப்படியே கூட வந்தது. அதிலிருந்த ஓட்டை 2017 நவம்பரில்தான் அடைக்கப்பட்டது. 2018 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் அந்த நிரலையே ஆபீஸிலிருந்து நீக்கிவிட்டது. அந்த ஓட்டையைப் பயன்படுத்த மேக்ரோ எதுவும் தேவையில்லை. வேர்டு கோப்பு ஒன்றைத் திறந்தாலே போதும், அனுப்பியவரின் நிரல் உங்கள் கணினியில் ஓடத் தொடங்கிவிடும். உங்கள் ஆபீஸில் அது இன்னும் இருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம்: புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் காமன் ஃபைல்ஸ், அதற்குள் மைக்ரோசாஃப்ட் ஷேர்டு, அதற்குள் ஈக்வேஷன். 64 பிட் விண்டோஸில் "எக்ஸ்86" என்று முடியும் புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரையும் பார்க்க வேண்டும். அந்த ஃபோல்டரில் நிரல் இன்னும் இருந்தால், 2018-க்குப் பின் உங்கள் ஆபீஸுக்கு எந்தத் திருத்தமும் வந்து சேரவில்லை என்று கொள்ளலாம்.

இந்தக் கணினிக்கு வெளியாரின் கோப்பு வருவதே இல்லையா? பில் போடவும், விடுப்புக் கடிதம் அடிக்கவும், சொந்தக் கணக்கு எழுதவும் மட்டுமே பயன்படுகிறது, இணைய இணைப்பும் இல்லை என்றால், 2010 மட்டுமல்ல, 2007-கூட இன்னும் பயனுள்ள மென்பொருள்தான். நகல் எடுக்கும் பழக்கத்தை மட்டும் விடாதீர்கள்.

எப்போதாவது வருகிறதா? வரும் கோப்பைப் பழைய ஆபீஸில் திறக்காமல் கூகுள் ஷீட்ஸிலோ லிப்ரே ஆபீஸின் புதிய பதிப்பிலோ திறந்து பார்க்கும் ஏற்பாட்டைச் செய்துகொண்டு தொடரலாம். ஆப்ஷன்ஸ் பகுதியில் உள்ள ட்ரஸ்ட் சென்டரில் மேக்ரோக்களை அறிவிப்போடு தடுக்கும் அமைப்பு இயங்குகிறதா என்றும் பாருங்கள்.

நாள்தோறும், முன்பின் தெரியாதவர்களிடமிருந்து வருகிறதா? ஜெராக்ஸ் கடை, டி.டி.பி. சென்டர், வேலைவாய்ப்பு அலுவலகம் என்று எவரெவரோ கோப்பு கொண்டுவரும் இடங்களில் ஆதரவு முடிந்த ஆபீஸை ஓட்டக் கூடாது. அங்கு ஒரு கணினிக்கு வரும் கேடு அந்த ஒரு கணினியோடு நிற்பதில்லை. அடுத்தடுத்து வரும் வாடிக்கையாளர்களின் பென்டிரைவுகள் வழியே அவர்கள் வீடு வரை போகிறது. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்றே முடிந்துவிட்டதால், ஆபீஸை மட்டும் தனியே மாற்றுவதா, கணினியையும் சேர்த்து மாற்றுவதா என்பதையும் ஒரே கணக்கில் பார்த்துவிடுங்கள்.

மாறுவது என்று முடிவானால், எளிய கோப்பில் சோதித்துத் திருப்தியடைந்துவிடாதீர்கள். உங்களிடம் உள்ளவற்றில் மிகப் பெரியது, மிகப் பழையது, மேக்ரோ உள்ளது, முன்பே அச்சடித்த படிவத்தின்மேல் அச்சாவது என்று நான்கு கோப்புகளை எடுத்துப் புதிய மென்பொருளில் திறந்து, கூட்டுத்தொகைகளைப் பழையதோடு ஒப்பிட்டு, தாளில் அச்சிட்டும் பாருங்கள். லிப்ரே ஆபீஸில் கணக்கு பெரும்பாலும் சரியாக வரும். எழுத்துருவின் அளவு மாறுவதால் அச்சு சற்றுத் தள்ளிப்போகலாம், காசோலையில் அது பெரிய தொல்லை. மேக்ரோக்களில் ஒரு பகுதிதான் அங்கே ஓடும். எப்போதோ வேலையை விட்டுப்போன ஒருவர் எழுதிய மேக்ரோவை நம்பித்தான் சம்பளப் பட்டியல் தயாராகிறது என்றால், அந்த ஒன்றுக்காக மட்டும் எக்செல் நிரல் எழுதத் தெரிந்தவரை அழையுங்கள். அவரிடம் கோப்பின் நகலையும், போன மாதம் சரியாக வந்த பட்டியலின் அச்சையும் கொடுங்கள். அவர் தரும் புதிய கோப்பு அதே தொகைகளைக் காட்டும்வரை பழைய கணினியைக் கழற்றாதீர்கள்.